ஜீப்புக்கு ஜீப் சேருமா?

குன்னூரிலும் கோத்தகிரியிலும் மோட்டார் பட்டறைப் பக்கம் சிறிது நேரம் நின்றால் ஒரு வாசகம் காதில் விழும். தேயிலைத் தோட்டத்து ஜீப் ஒன்று கியர் உடைந்து நிற்கும். புதிய கியர் பெட்டி வாங்கப் பணம் இராது. பணம் இருந்தாலும் பழைய மாடலுக்குப் புதிய பெட்டி கிடைக்காது. "கவலைப்படாதீங்க, கோயமுத்தூர்ல ஒரு பழைய பெட்டி பாத்து வச்சிருக்கேனுங்க. ஜீப்புதானுங்களே, ஜீப்புக்கு ஜீப் சேரும்" என்பார் மெக்கானிக். மறுநாள் பெட்டி மலையேறி வரும். மாலைக்குள் பொருத்தியும் விடுவார்கள். வண்டி ஓடும்.

வண்டி ஓடுவதே வாசகம் உண்மை என்பதற்குச் சான்றாகிவிடுமா? ஒரு நூலை மதிப்பிடுவது போல ஒரு பட்டறை வழக்கையும் எடுத்து வைத்து மதிப்பிடலாம். எங்கே அது சரி, எங்கே தவறு, தவறினால் யார் அதன் விலையைக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசகம் பிறந்த கதை

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த வாசகம் பொய்யாகப் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்திற்கு இலட்சக் கணக்கில் ஜீப்புகள் தேவைப்பட்டன. வில்லிஸ் நிறுவனத்தால் மட்டும் அத்தனையும் செய்து தர இயலவில்லை. ஆகவே அதே வரைபடத்தைக் கொடுத்து ஃபோர்டு நிறுவனத்தையும் செய்யச் சொன்னார்கள். வில்லிஸ் செய்தது எம்.பி. என்றும், ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. என்றும் பெயர் பெற்றன. 1941 முதல் 1945 வரை இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்தன.

போர்க்களத்தில் ஒரு ஜீப் நொறுங்கினால், அதன் கியர் பெட்டியைக் கழற்றி இன்னொன்றில் பூட்ட வேண்டும். கழற்றியது வில்லிஸா, ஃபோர்டா என்று பார்க்க நேரம் கிடையாது. எனவே இரண்டும் ஒன்றுக்கொன்று சேரும்படியே செய்யப்பட்டன. "ஜீப்புக்கு ஜீப் சேரும்" என்பது அன்று முழு உண்மை. கம்பெனி வேறு, பாகம் ஒன்று.

போர் முடிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. கம்பெனி ஒன்று, பாகம் வேறு. 1945இல் வில்லிஸ் நிறுவனம் பொதுமக்களுக்கென சி.ஜே.-2ஏ என்ற ஜீப்பை வெளியிட்டது. வெளித்தோற்றத்தில் அது போர்க்கால ஜீப்பின் உடன்பிறப்பு. உள்ளே கியர் பெட்டி வேறு. போர்க்கால வண்டியில் இருந்தது டி-84 என்ற பெட்டி. புதியதில் இருந்தது டி-90 என்ற, அதைவிட வலுவான பெட்டி. 1953இல் உயரமான முன்மூடியுடன் சி.ஜே.-3பி வந்தது. 1940களின் இறுதியிலேயே வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியிருந்த மஹிந்திரா நிறுவனம் இந்த 3பி அமைப்பை, அமெரிக்காவில் அது நின்றுபோன பிறகும் பல ஆண்டுகள் இங்கே செய்துவந்தது. பிற்பாடு டீசல் எஞ்சின்கள் வந்தன. மூன்று கியருக்குப் பதில் நான்கு கியர் வந்தது. அத்தனைக்கும் மக்கள் வைத்த பெயர் ஒன்றே: ஜீப்.

ஆக, ஒரு தலைமுறைக்குள் நிறுவனங்களுக்கிடையே உண்மையாக இருந்த ஒரு விதியை, தலைமுறைகளுக்கிடையேயும் உண்மை என்று நீட்டிவிட்டார்கள். தவறு தொடங்குமிடம் இதுதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

கியர் பெட்டியின் வேலை, எஞ்சினின் வேகமான சுழற்சியைக் குறைத்து, அதற்கு ஈடாகச் சுழற்று விசையைப் பெருக்குவது. முதல் கியரில் டி-84 பெட்டியின் விகிதம் 2.67. அதாவது எஞ்சின் 2.67 முறை சுற்றினால் வெளித்தண்டு ஒரு முறை சுற்றும். டி-90 பெட்டியில் இது 2.80. வேறுபாடு சிறிதுதான். இதைப் பார்த்து "அவ்வளவுதானே" என்று விட்டுவிடுபவர் உண்டு.

ஆனால் ஜீப்பில் சக்தி மூன்று இடங்களில் பெருக்கப்படுகிறது. முதலாவது கியர் பெட்டி. இரண்டாவது, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி. நான்கு சக்கரத்திற்கும் சக்தியைப் பகிர்வதும், மேட்டுக்கான தாழ் கியரைத் தருவதும் இதுவே. மூன்றாவது, அச்சிலுள்ள கிரவுன் பினியன். பழைய பெட்டி வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் சேர்த்தே வாங்குகிறார்கள். தாழ் கியரில் போர்க்கால டிரான்ஸ்ஃபர் பெட்டியின் விகிதம் 1.97, பொதுமக்கள் ஜீப்பில் அது சுமார் 2.45. கிரவுன் பினியன் போர்க்கால வண்டியில் 4.88; சி.ஜே.-2ஏ, 3பி வண்டிகளில் 5.38.

இவற்றைப் பெருக்கிப் பாருங்கள். போர்க்கால ஜீப்பில் 2.67, 1.97, 4.88 மூன்றையும் பெருக்கினால் சுமார் 26 வருகிறது. 3பி ஜீப்பில் 2.80, 2.45, 5.38 பெருக்கினால் சுமார் 37. இப்பொழுது 3பி ஜீப்பில் அச்சை அப்படியே விட்டுவிட்டுப் போர்க்காலக் கியர் பெட்டியையும் டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் ஏற்றிவிட்டதாகக் கொள்வோம். 2.67, 1.97, 5.38 பெருக்கினால் சுமார் 28. இருக்க வேண்டியது 37, கிடைத்தது 28. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போயிற்று.

ஏற்றத்தில் இதன் விளைவை ஓட்டுநர் உடனே உணர்வார். வண்டி திணறும், கிளட்சைப் பாதி அழுத்திச் சமாளிப்பார், கிளட்ச் தகடு தேயும். அது பணச் செலவோடு போகும். இறக்கத்திலோ நிலைமை வேறு.

இறக்கமே உண்மையான தேர்வு

குன்னூர் ரயில் நிலையத்திற்கும் மேட்டுப்பாளையத்திற்கும் உயர வேறுபாடு சுமார் 1,400 மீட்டர். ஆட்களுடன் 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு ஜீப் இவ்வளவு உயரம் இறங்கும்போது இழக்கும் நிலை ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல். இந்த ஆற்றல் எங்கே போகிறது? காற்றின் தடையிலும் டயரின் உராய்விலும் ஒரு பகுதி கழியும். மீதி வெப்பமாக மாறியாக வேண்டும். 2 கோடி ஜூல் என்பது 25 டிகிரி வெப்பத்திலுள்ள சுமார் 65 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம்!

அவ்வளவு வெப்பத்தையும் பிரேக் டிரம்கள் மட்டும் தாங்க வேண்டுமென்றால் தாங்கா. பழைய ஜீப்பின் டிரம் 9 அங்குல விட்டமே கொண்டது. டிரம் சூடேறினால் லைனிங்கின் பிடிமானம் குறையும். மிதித்தால் மிதி இறங்கும், வண்டி நிற்காது. அதனால்தான் மலைப்பாதையில் தாழ் கியரில் இறங்கச் சொல்கிறார்கள். அப்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது. எஞ்சினின் தடை, கியர் விகிதத்தால் பெருக்கப்பட்டு, சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது. விகிதம் 37லிருந்து 28 ஆனால், எஞ்சின் தரும் பிடியும் அதே அளவில் குறையும். எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்று சுற்றும்போது, 37 விகிதத்தில் மணிக்கு 7 கிலோமீட்டரில் இறங்கும் வண்டி, 28 விகிதத்தில் மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் இறங்கும். குறைந்த பிடியின் சுமை முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். ஓட்டுநருக்கோ வழக்கமான கியரில்தான் வருகிறோம் என்ற நினைப்பு.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தேய்ந்த டி-84, டி-90 பெட்டிகளுக்கு ஒரு பழக்கம்: இறக்கத்தில் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தால் இரண்டாம் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். பற்களின் விளிம்பு தேய்ந்து சரிந்திருப்பதும், தண்டு முன்னும் பின்னும் ஆடுவதும் இதற்குக் காரணம். பழைய பெட்டியை வாங்கும்போது அதை மேசைமேல் வைத்துக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள், சத்தமில்லாமல் சுற்றும். சமதரையில் ஓட்டிப் பார்ப்பார்கள், நன்றாக ஓடும். குறை தெரிவது சுமையோடு இறங்கும்போதுதான். அப்பொழுது வண்டியில் இருப்பவர்கள் பெட்டியை விற்றவரும் அல்லர், பூட்டியவரும் அல்லர். ஓட்டுநரும், பின்னால் அமர்ந்திருக்கும் தோட்டத் தொழிலாளர்களுமே.

கண்ணுக்குத் தெரியாத சில அளவுகள்

விகிதம் ஒன்றுதான் வேறுபாடு என்று எண்ண வேண்டாம். ஸ்பைசர் 18 என்ற ஒரே பெயருடைய டிரான்ஸ்ஃபர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் இடைத் தண்டின் விட்டம் போர்க்காலத்தில் முக்கால் அங்குலம். 1946 வாக்கில் அது ஒன்றே அரைக்கால் அங்குலமாயிற்று. 1950களில் ஒன்றேகால் அங்குலமாயிற்று. வெளிக்கூடு பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்றின் தண்டு மற்றதன் துளையில் பொருந்தாது. ஊசி பேரிங்கும் சேராது. "சேரவில்லையே" என்று துளையைக் குடைந்து புஷ் அடித்துச் சரிக்கட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தண்டின் மையம் ஒரு மயிரிழை விலகினாலும் பற்கள் முழு அகலத்தில் உரசாமல் ஓரத்தில் மட்டும் உரசும். சுமை சிறு பரப்பில் குவியும், பல் உதிரும்.

கைப்பிரேக்கின் நிலையும் எண்ணிப் பார்க்கத் தக்கது. இந்த ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறத் தண்டில் இருக்கிறது. பெட்டியை மாற்றினால் கைப்பிரேக்கும் மாறுகிறது. போர்க்காலத் தொடக்க வண்டிகளில் டிரம்மை வெளியிலிருந்து இறுக்கும் பட்டை. பின்னர் உள்ளிருந்து விரியும் அமைப்பு. இழுகம்பியும் நெம்புகோலும் ஒத்துவராவிட்டால், கயிற்றையோ கம்பியையோ கட்டி ஒப்பேற்றிய கைப்பிரேக்குடன் வண்டி சரிவில் நிற்கும்.

அச்சையும் சேர்த்து மாற்றுபவர்கள் இன்னொரு பொறியில் விழுகிறார்கள். முன் அச்சு 4.88 ஆகவும் பின் அச்சு 5.38 ஆகவும் அமைந்துவிட்டால், நான்கு சக்கர இயக்கம் போட்டவுடன் முன்னும் பின்னும் பத்து விழுக்காடு வேறுபட்ட வேகத்தில் சுழல முயலும். இரு தண்டுகளும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பதால், டயர் வழுக்க வேண்டும், இல்லையேல் உள்ளே ஏதாவது முறிய வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல் என்றால் 4.88, கிரவுனில் 43, பினியனில் 8 என்றால் 5.38. எண்ணத் தெரிந்தால் போதும்.

ஒரு மலைரயில் தரும் பாடம்

இதே நீலகிரியில் இன்னொரு பற்சக்கர வண்டி நூறாண்டுக்கு மேலாக ஓடுகிறது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, 12 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்ற செங்குத்தான ஏற்றத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை போடப்பட்டுள்ளது. இப்பாதை 1899இல் குன்னூர் வரை திறக்கப்பட்டது. இதில் ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தில் உள்ள விண்டர்தூர் நகரத்தில் 1914 முதல் செய்தார்கள். கடைசித் தொகுதி 1952இல் வந்தது. இந்த நூற்றாண்டில் திருச்சி பொன்மலைப் பணிமனையும் புதிய எஞ்சின்களைச் செய்து தந்திருக்கிறது. நான்கு சிலிண்டர்களில் இரண்டு சாதாரணச் சக்கரங்களையும், இரண்டு பற்சக்கரங்களையும் ஓட்டுகின்றன.

இவ்வளவு ஆண்டு இடைவெளியில் செய்த எஞ்சின்களும் ஒரே பாதையில் ஏறுவது எப்படி? பாதையில் கிடக்கும் பல்வரிசைதான் காரணம். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்கும் ஓர் அளவுகோல். எந்த ஆண்டு எஞ்சினானாலும் அதன் பற்சக்கரம் அந்த வரிசையோடு பொருந்தியாக வேண்டும். பொருந்தாததை முதல் சுற்றிலேயே அது திருப்பி அனுப்பிவிடும். ஜீப்பில் அப்படிப்பட்ட அளவுகோல் வெளியே கிடையாது. அது இரும்புக் கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கி, யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. ஆகவே தவறான பெட்டியும் பூட்டப்படுகிறது. சில மாதம் ஓடவும் செய்கிறது. 'ஓடுகிறது' என்பதும் 'பொருந்துகிறது' என்பதும் ஒன்றல்ல என்பதே மலைரயில் நமக்குத் தரும் பாடம்.

எதிர்வாதங்கள்

"இருபது வருஷமா இப்படித்தான் பூட்டுறோம், ஒண்ணும் ஆகலியே" என்பது பட்டறையின் முதல் எதிர்வாதம். ஒன்றும் ஆகாத வண்டிகளே திரும்பப் பட்டறைக்கு வந்து நன்றி சொல்கின்றன. பள்ளத்தில் விழுந்த வண்டி எதையும் சொல்ல வருவதில்லை. வந்த வண்டிகளை மட்டும் எண்ணி முடிவுகட்டுவது அறிவியல் முறை ஆகாது.

"புதுசு வாங்க யாரிடம் பணம் இருக்கு?" என்பது இரண்டாவது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு ஜீப் பகட்டுப் பொருள் அன்று. பறித்த கொழுந்து வாடுமுன் ஆலைக்குச் சேர்க்கும் சாதனம். பழைய பாகங்களே வேண்டாம் என்று சொல்வது, அவருக்கு வண்டியே வேண்டாம் என்று சொல்வதாகும். பழைய பெட்டியைப் பயன்படுத்துவது குற்றமன்று. ஆராயாமல் பயன்படுத்துவதே குற்றம். சென்னைப் புதுப்பேட்டையிலும் பிற ஊர்களிலும் கிடைக்கும் பழைய பெட்டிகளில் நல்லவையும் ஏராளம்.

"சட்டம் தடுக்கவில்லையே" என்பது மூன்றாவது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் பதிவுச் சான்றில் எஞ்சின் எண் உண்டு, சேசிஸ் எண் உண்டு. கியர் பெட்டிக்கு இடம் இல்லை. சட்டத்தின் கண் எட்டாத இடம் பாதுகாப்பான இடம் ஆகிவிடாது.

செய்ய வேண்டியவை

வாங்குமுன் மாணவர்களும் செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. பெட்டியை முதல் கியரில் போட்டு, உள்தண்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி இடுங்கள். வெளித்தண்டு சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றும்வரை உள்தண்டைக் கையால் சுற்றி எண்ணுங்கள். ஏறத்தாழ 28 சுற்று வந்தால் டி-90. 27க்குச் சற்றுக் குறைந்தால் டி-84. ஒரு சுற்றை மட்டும் எண்ணினால் இந்தச் சிறு வேறுபாடு தெரியாது. பத்துச் சுற்று எண்ணுவதன் காரணம் அதுவே. டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் தாழ் கியரில் போட்டு இவ்வாறே எண்ணலாம். இடைத் தண்டின் விட்டத்தை வெர்னியரால் அளக்கலாம். இரண்டு அச்சுகளின் கிரவுன் பற்களையும் எண்ணலாம். ஒரு பற்சக்கரம் தேய்ந்தால் அதனோடு இணையும் சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். நெடுநாள் ஒன்றோடொன்று உரசிப் பழகிய பற்களுக்கு நடுவே அந்நியப் பல் ஒத்துப் போகாது. அனைத்தும் முடிந்த பிறகு, ஆளேற்றாமல் சிறு சரிவொன்றில் இறக்கி, ஒவ்வொரு கியரிலும் காலை எடுத்து, கியர் நழுவுகிறதா என்று பார்த்த பின்பே மலைப்பாதைக்கு விட வேண்டும்.

உற்பத்தியாளர்கள் மீதும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். உள்ளே முற்றிலும் மாறிய பொருளுக்குப் பழைய பெயரையே வைப்பது விற்பனைக்கு உதவுகிறது, பட்டறையைக் குழப்புகிறது. இவ்வழக்கம் இன்னும் நிற்கவில்லை. 2010இல் வந்த தார் வண்டியில் ஐந்து கியர். 2020இல் அதே பெயரில் வந்ததில் ஆறு கியர். இன்றைய பெட்டிகளில் பற்களோடு உணர்விகளும் மின்கம்பிகளும் சேர்ந்துகொண்டன. பல் பொருந்தினாலும் உணர்வி பொருந்தாவிட்டால் வண்டி மறுக்கும். புஷ் அடித்துச் சரிக்கட்டும் கலை அங்கே செல்லாது.

எந்த ஆண்டுப் பெட்டி எதற்குச் சேரும் என்ற விவரம் உலகில் இல்லாமல் இல்லை. அது தடித்த ஆங்கிலப் பாகப் பட்டியல்களில் இருக்கிறது. பெட்டியைக் கழற்றிப் பூட்டும் கைகளோ தமிழில் படித்தவை. ஒரு பக்க அளவில் தமிழில் ஓர் அட்டவணை அச்சிட்டு ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் ஒட்டினால், "ஜீப்புக்கு ஜீப் சேரும்" என்ற வாசகத்தின் இடத்தில் வேறொரு வாசகம் வரும்: "எண்ணிப் பார்த்தேனுங்க, சேரும்." நம் மெக்கானிக்குகளின் கைத்திறனில் குறை ஏதும் இல்லை. அவர்கள் கையில் எண்களைக் கொடுக்காததே நம் குறை.